மண்டபமும் அறையும்: தாழொலித் திருத்தத்தின் சமூக வரலாறு பற்றிச் சில சிந்தனைகள்

1

ஒலிபெருக்கிகளை அறைக்கேற்ப அளந்து திருத்துதல் பொறியியலாளர்க்கும் வசதிபடைத்த இசைப் பிரியர்க்கும் உரிய விடயமன்றோ, இலக்கிய ஆய்வாளனுக்கு அதில் என்ன அலுவல் என வினவப்படலாம். வினா நியாயமானதே. ஆயினும், ஒரு கலைப்படைப்பு எத்தகைய இடத்தில், எவரெவர் கூடியிருக்க, எக்கருவியின் வாயிலாக நுகரப்படுகின்றது என்பது அப்படைப்பிற்குப் புறம்பான செய்தியன்று என்பதை நாம் பல சந்தர்ப்பங்களில் வற்புறுத்தி வந்துள்ளோம். வாய்மொழிப் பாடல் ஏட்டில் ஏறியபோதும் ஏடு அச்சேறியபோதும் நிகழ்ந்த மாற்றங்களை ஆராயக் கையாண்ட அதே நோக்கு, இசை மண்டபத்திலிருந்து வீட்டறைக்குப் பெயர்ந்தபோது நிகழ்ந்தவற்றை ஆராய்வதற்கும் பொருந்தும். மனிதப் புலன்கள் வரலாற்றின் ஊடாக உருவானவை என 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளில் மார்க்ஸ் கொண்ட நிலைப்பாட்டினின்றும் செவியை மட்டும் விலக்கி வைத்தல் இயலாது.

நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் குறுகியது. வீட்டில் ஒலிபெருக்கி வாயிலாக இசை கேட்போர் பலரும் எதிர்கொள்ளும் ஓர் இடர்ப்பாடுண்டு. பெருமுரசோ டபிள் பாஸ் வாத்தியமோ ஒலிக்கையில், சுவரோரம் அமர்ந்தவர்க்கு அது அளவுகடந்து முழங்கித் தெளிவிழக்கின்றது. அறையின் நடுவே அமர்ந்தவர்க்கு அதே சுரம் ஏறக்குறைய இல்லாமற் போகின்றது. கருவியும் ஒன்று, இசைத்தட்டும் ஒன்று. இருக்கை மாத்திரமே வேறு. இவ்விடர்ப்பாட்டை நீக்குவதாகக் கூறும் சாதனங்கள் இன்று விற்பனையாகின்றன. சிறிய ஒலிவாங்கியொன்றை இருக்கையிலே நிறுத்தினால், ஒலிபெருக்கிகள் சோதனையொலியை எழுப்ப, கணினி அதனைப் பதிந்து, அறை எந்தெந்தச் சுரங்களை மிகைப்படுத்துகின்றது என்று கணித்து, ஒலிபெருக்கிக்குச் செல்லும் சமிக்ஞையை அதற்கேற்ப மாற்றியமைக்கும். இதுவே அறைத் திருத்தம் எனப்படுவது.

இவ்விடர்ப்பாடு எக்காலத்தில் ஒரு பிரச்சினையாக உருப்பெற்றது? அதற்கான தீர்வு எவரை மனத்திற் கொண்டு வகுக்கப்பட்டது? இவையே நாம் எழுப்பும் வினாக்கள். எமது முடிபை முன்னரே கூறிவிடலாம். இசை பொதுமண்டபத்தை விட்டுத் தனிவீட்டின் சிற்றறைக்குட் புகுந்ததன் விளைவாகவே தாழொலிப் பிரச்சினை முதன்மை பெற்றது. அதற்கு வணிகம் முதலில் அளித்த தீர்வு ஒரேயொருவரின் ஒரேயோர் இருக்கையை அளவுகோலாகக் கொண்டது. அத்தீர்வு குறைபாடுடையதாக இருந்தமைக்கான காரணம் பௌதிகத்திலேயே காணக்கிடக்கின்றது.

2

அறையின் ஒலியை எண்ணால் அளக்கும் நவீன முயற்சி 1895ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் ஆரம்பமாகியது. அங்கு புதிதாக எழுப்பப்பட்ட ஃபொக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபத்தில் விரிவுரையாளர் பேசுவது எவர்க்கும் விளங்கவில்லை. எழுந்த ஒரு சொல் ஏறத்தாழ ஐந்தரைச் செக்கன்கள் மண்டபத்தில் நின்று ஒலித்தது; அதற்கிடையில் அடுத்துவந்த சொற்கள் அதன்மீது ஏறிக் குழம்பின. இதனைச் சீர்செய்யுமாறு பல்கலைக்கழகத் தலைவர் சார்ல்ஸ் எலியற், பௌதிகத் துறையின் இளம் உதவிப் பேராசிரியராகிய வொலஸ் சபைனைப் பணித்தார்.

சபைன் கையாண்ட முறை எளிமையானது, உடலுழைப்பு மிக்கது. அண்மையிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை நகர் உறங்கிய பின்னர் விரிவுரை மண்டபத்துக்குச் சுமந்து சென்று, ஓகன் குழலொன்றை ஒலிக்கச் செய்து நிறுத்தி, ஒலி செவிக்குப் புலப்படாதொழியும் வரையிலான நேரத்தைக் கணித்து, பின் மேலும் சில மெத்தைகளை இட்டு மீண்டும் கணித்தார். விடியுமுன் மெத்தைகள் யாவும் உரிய இடத்துக்குத் திரும்பவேண்டியிருந்தன. தம் உடல்மீதுள்ள ஆடையும் ஒலியை உறிஞ்சுகின்றது என்று கண்டுகொண்டதும், சோதனைகளின்போது ஒரே விதமான ஆடைகளையே அவர் அணியலானார். அவை இன்னின்னவை என்று குறித்தும் வைத்தார். அறையின் கனவளவுக்கும் அதனுள் இருக்கும் பொருள்களின் உறிஞ்சுதிறனுக்கும் எதிர்முழக்க நேரத்துக்கும் உள்ள தொடர்பை இவ்வாறு அவர் கண்டறிந்தார். அத்தொடர்பின்படி திட்டமிடப்பட்ட பொஸ்ரன் சிம்பனி மண்டபம் 1900ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆந் திகதி திறக்கப்பட்டது.

சபைனின் ஆய்வில் நமது கவனத்துக்குரியது அச்சமன்பாட்டினுள் மனிதர் பெற்ற இடம். மெத்தையையும் திரைச்சீலையையும் போலவே கூடியிருக்கும் சபையையும் அவர் ஓர் உறிஞ்சுபொருளாக அளந்தார்; ஓர் ஆளுக்கு இவ்வளவு எனக் கணக்கிட்டார். அவர் கொண்ட அலகு திறந்த யன்னலின் பரப்பாகும்: திறந்த யன்னலிற் சென்றுபட்ட ஒலி மீள்வதில்லை என்பதால் அது முழு உறிஞ்சலுக்கு அளவாயிற்று. சபையின்றி மண்டபத்தின் ஒலி நிறைவுறுவதில்லை. வெறும் மண்டபமும் நிறைந்த மண்டபமும் ஒலியளவில் இருவேறு மண்டபங்கள். பூர்சுவா இசையரங்கின் நுழைவுச்சீட்டு விலையையும் அதன் வர்க்க எல்லைகளையும் நாம் மறந்துவிடவில்லை. எனினும் அங்கு கேட்டல் என்பது பலர் கூடிய ஒரு நிகழ்வாகவே இருந்தது. சபைனின் விஞ்ஞானமும் அந்நிலைமையைப் பிரதிபலித்தது.

3

இனி, தாழொலியின் இயல்பைச் சிறிது விளக்குதல் அவசியமாகின்றது. ஒரு செக்கனில் நிகழும் அதிர்வுகளின் தொகையாகிய மீடிறன் குறையக் குறைய, ஒலியலையின் நீளம் கூடுகின்றது. ஒலி காற்றில் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 343 மீற்றர் செல்வதால், 1000 ஹேர்ட்ஸ் மீடிறனுடைய ஒலியின் அலைநீளம் சுமார் 34 சதமமீற்றர். 34 ஹேர்ட்ஸ் ஒலியினுடையதோ சுமார் 10 மீற்றர். ஐந்து மீற்றர் நீளமான அறையொன்றில் இத்தகைய அலையின் சரிபாதியே அடங்கும். எதிரெதிர்ச் சுவர்களில் மோதி மீளும் அலைகள் ஒன்றன்மேலொன்று தலையிட்டு, இடம்பெயராத ஒரு நின்ற அலையாக அமைந்துவிடுகின்றன. அறையின் இரு முனைச் சுவர்களிலும் அமுக்கம் உச்சமடைய, நடுவே அது ஏறக்குறைய அற்றுப்போகின்றது. இதனை அறையின் இயல்பதிர்வு எனலாம். ஐந்து மீற்றர் நீளமும் நான்கு மீற்றர் அகலமும் 2.7 மீற்றர் உயரமும் கொண்ட அறையில் முதல் இயல்பதிர்வுகள் முறையே 34, 43, 64 ஹேர்ட்ஸ் அளவில் வரும். அவற்றுக்கு மேலே அவற்றின் மடங்குகளும் கலப்புகளும் தொடர்கின்றன.

இக்கணிதம் புதியதன்று. 1877–78இல் வெளிவந்த ஒலிக் கோட்பாடு பற்றிய தமது நூலிலேயே ரேலி பிரபு நாற்சதுர அறையின் இயல்பதிர்வுகளைக் கணித்துக் காட்டியிருந்தார். எனினும் சிற்றறைகளின் பரிவு பற்றி வேண் நூட்சன் 1932இல் எழுதும் வரையில், அதனை அன்றாட அறைகளோடு இணைத்துப் பார்க்கும் தேவை பெரிதும் உணரப்படவில்லை. மோர்ஸ், போல்ற் ஆகியோரின் விரிவான ஆய்வு 1944இல் வந்தது. கணிதம் தயாராக இருந்தும் பிரச்சினை அரை நூற்றாண்டுக்கு மேல் உறங்கிக் கிடந்ததேன்? ஜெனரல் எலெக்ரிக் கம்பனியைச் சேர்ந்த ரைசும் கெலொக்கும் இயங்குசுருள் ஒலிபெருக்கி பற்றிய தமது ஆய்வை 1925இல் வெளியிட்டனர். அதன் பின்னரே, ஒரு வாத்தியக் குழு முழுவதும் எழுப்பும் தாழொலியை ஒரு சிற்றறைக்குள் எழுப்பும் சாத்தியம் உருவாகியது. மத்தியதர வர்க்க வீடுகளின் பியானோவும் இயல்பதிர்வுகளைத் தூண்டியே இருக்கும். ஆனால் அங்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு மூலம் இருக்கவில்லை. பதிவுசெய்யப்பட்ட இசையிலோ மண்டபத்திற் பிறந்த ஒலி அறையில் மீளவும் பிறக்கவேண்டியுள்ளது. அறை ஒரு குற்றவாளியாகக் கூண்டில் ஏற்றப்படுவது இக்கட்டத்திலேதான்.

மண்டபத்துக்கும் அறைக்கும் உள்ள வேறுபாட்டை மான்பிரெட் ஷ்ரோடர் என்னும் ஜேர்மன் அறிஞர் 1954இல் தொடங்கிய ஆய்வுகள் எண்ணளவிற் காட்டின. எதிர்முழக்க நேரத்தைக் கனவளவால் வகுத்து, அதன் வர்க்கமூலத்தை 2000ஆற் பெருக்கினால் ஓர் எல்லை மீடிறன் பெறப்படும். அவ்வெல்லைக்கு மேலே இயல்பதிர்வுகள் நெருங்கிச் செறிந்து ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. அதற்குக் கீழே அவை தனித்தனியாகத் துருத்தி நிற்கின்றன. பொஸ்ரன் மண்டபத்தின் கனவளவு ஏறத்தாழ 18,750 கனமீற்றர். சபை நிறைந்தபோது எதிர்முழக்கம் சுமார் 1.9 செக்கன். எல்லை 20 ஹேர்ட்ஸ் அளவில் அமைகின்றது. அது மனிதச் செவியின் கீழெல்லையுமாகும். நாம் மேலே குறித்த வீட்டறையின் கனவளவு 54 கனமீற்றர், எதிர்முழக்கம் 0.4 செக்கன் எனக் கொண்டால் எல்லை 170 ஹேர்ட்ஸை எட்டுகின்றது. அதாவது, மண்டபத்திற் செவிக்கு எட்டாத ஆழத்திற் புதைந்து கிடந்த முரண்பாடு, வீட்டறையிலே தாழொலிப் பரப்பு முழுவதையும் ஆட்கொண்டுவிடுகின்றது. (கூத்துக் களரி போன்ற திறந்தவெளி அரங்கில் அலை மீண்டுவருதற்குச் சுவர்களே இல்லை, மத்தளத்தின் இடந்தலை அங்கு எவரையும் இவ்விதத்தில் ஏமாற்றுவதில்லை.)

முதலாளித்துவமே இந்நின்ற அலையைத் தோற்றுவித்தது என்று கூறுவது நகைப்புக்கிடமாகும். அலைநீளம் இயற்கை விதி. ஆனால் எந்த அறையில், எத்தனை பேர் அமர்ந்து, எத்தகைய கருவியிற் கேட்கின்றனர் என்பதை இயற்கை தீர்மானிக்கவில்லை.

4

இப்பெயர்ச்சியை அதன் தொடக்கக் காலத்திலேயே கூர்ந்து நோக்கியவர்களுள் அடோர்னோ ஒருவர். நாஜி ஜேர்மனியினின்றும் நீங்கி, 1938 முதல் பிரின்ஸ்ரன் வானொலி ஆய்வுத் திட்டத்திற் பணியாற்றிய அவர், வானொலிச் சிம்பனி பற்றி 1941இல் வெளியிட்ட கட்டுரையில், சிம்பனி தனியறைக்குள் வந்தபோது கேட்போனைச் சூழ்ந்து தன்னுள் அடக்கிக்கொள்ளும் அதன் ஆற்றல் அழிந்துவிடுகின்றது என வாதித்தார். அன்றைய வானொலிப் பெட்டிகளின் வரம்பைக் கருதுமிடத்து அவரது அவதானம் சரியானதே. எனினும் அதனை அவர் கலையின் வீழ்ச்சியாகக் கண்டாரேயன்றி, அறையின் கனவளவுக்கும் அலையின் நீளத்துக்கும் உள்ள பொருந்தாமை குறித்து எதனையும் விசாரிக்கவில்லை. பொருள்முதல்வாதம் பேசிய ஒருவர் பொருளை நெருங்காமலே நின்றுவிட்டார் என்பது எமது குறை.

இதே ஆண்டுகளில் படமாளிகைகளில் நடைபெற்றது வேறொரு கதை. 1926–27இற் பேசும்படம் வந்தபோது மௌனப்படங்களுக்கு வாசித்துவந்த ஆயிரக்கணக்கான வாத்தியக்காரர் வேலையிழந்தனர். அமெரிக்க இசைஞர் சங்கம் 1930 அளவில் இயந்திர இசைக்கெதிராகப் பத்திரிகைகளில் விளம்பரப் போராட்டம் நடத்தியும் பயன் கிட்டவில்லை. வாத்தியக்காரர் அமர்ந்திருந்த இடத்தில் ஒலிபெருக்கி வந்தது. அதனை அறைக்கேற்பத் திருத்தும் தொழிலும் உடன்வந்தது. 1930களின் நடுப்பகுதியில் எம்.ஜி.எம். கலையகத்தைச் சேர்ந்த டக்ளஸ் ஷியரரும் ஜோன் ஹிலியாட்டும் எலினர் பவலின் தட்டுநடனக் காட்சியொன்றைக் கேட்டபோது, ஒவ்வொரு தட்டும் இரண்டாக ஒலிப்பதைக் கண்டனர் என்பர். தாழொலிக்குரிய கொம்பின் மடிப்புப் பாதை நீளமாக இருந்தமையால் அதன் ஒலி சில ஆயிரத்திலொரு செக்கன்கள் பிந்தி வந்ததே காரணம். இன்றைய திருத்தக் கருவிகள் ஒவ்வோர் ஒலிபெருக்கியின் தூரத்தையும் அளந்து தாமதத்தைச் சரிசெய்வது இதே பிரச்சினையின் தொடர்ச்சியாகும். 34 சதமமீற்றர் தூர வேறுபாட்டுக்கு ஆயிரத்திலொரு செக்கன் என்பது கணக்கு. 1938இல் திரைப்படக் கழகத்தின் ஆய்வுக் குழு படமாளிகைகளுக்கான ஒரு பொது நியமத்தையும் வகுத்தது. எங்கு படம் பார்ப்பினும் ஒரே ஒலி என்ற கொள்கை இங்கு உருவாகியது. பலர் கூடும் இடம் என்பதால் நியமமும் பலர்க்குரியதாயிற்று. அது பெருங்கலையகங்களின் நலனையும் பேணியது என்பது சொல்லாமலே அமையும்.

தாழொலி தனியொரு விற்பனைப் பண்டமாகியது 1974இலாகும். 'ஏர்த்குவேக்' என்னும் படத்துக்காக யூனிவர்சல் கலையகம் சென்சரவுண்ட் எனும் முறையைப் படமாளிகைகளிற் புகுத்தியது. பூமியதிர்ச்சியை இருக்கையில் உணரச் செய்யும் பொருட்டுப் பென்னம்பெரிய தாழொலிக் கொம்புகள் நிறுத்தப்பட்டன. ஹொலிவூட்டின் சீனப் படமாளிகையில் கூரைச்சாந்து உதிர்ந்து விழக்கூடுமென அஞ்சி வலை கட்டப்பட்டதாகவும் செய்தியுண்டு. தொலைக்காட்சியிடம் பார்வையாளரை இழந்துவந்த கலையகங்கள், வீட்டிற் பெறமுடியாத ஓர் அனுபவத்தை விற்க முனைந்தன. பின்னர் அதே அனுபவம் வீட்டுக்கும் விற்கப்பட்டது.

5

வீடும் இதற்கிடையில் மாறிவிட்டிருந்தது. இரண்டாம் உலகப் போரின்பின் நியூயோர்க்கை அடுத்த லோங் ஐலண்டில் 1947இல் தொடங்கிய லெவிற்றவுண் குடியிருப்பு அதன் வகைமாதிரி. சுமார் 750 சதுர அடி கொண்ட, ஒரே அச்சில் வார்த்த சிறு வீடுகள். 1951 அளவில் 17,000க்கு மேற்பட்டவை. கறுப்பின மக்களுக்கு அவற்றை வழங்குதலை ஆரம்ப ஒப்பந்தங்களே தடைசெய்தன. வேலையிடமும் குடியிருப்பும் தொலைவாக விலகின. பொது அரங்கின் இடத்தை வீட்டின் கூடம் பிடித்தது. அக்கூடத்துக்கு ஏற்ற ஒலிபெருக்கியும் விரைவில் வந்தது. அதற்குமுன் ஆழ்ந்த தாழொலிக்கு அலமாரியளவு பெட்டி வேண்டியிருந்தது. மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் எட்கர் வில்சர் 1954இல் வெளிக்கொணர்ந்த ஒலிபெருக்கி, காற்றுப்புகாது மூடிய பெட்டியினுள் அடைபட்ட காற்றையே வில்லாகக் கொண்டு, சிறு பெட்டியிலிருந்து அதே ஆழத்தைப் பெற்றது. அவுஸ்திரேலியரான நெவில் தீல் 1961இலும் அவரைத் தொடர்ந்து ரிச்சர்ட் ஸ்மோல் 1970களிலும் பெட்டிக்கும் கூம்புக்கும் உள்ள உறவைச் சூத்திரங்களாக்கினர். அதன்பின் தாழொலிபெருக்கியை வடிவமைத்தல் கைத்தொழிலாளனின் அனுபவ அறிவினின்றும் விடுபட்டுக் கணிப்பாக மாறியது.

பெட்டி சிறுத்தது, அலை சிறுக்கவில்லை. வடிவமைப்பாளர் எவ்வளவுக்கு ஆழமான தாழொலியைப் பெட்டியிலிருந்து பெற்றனரோ அவ்வளவுக்கு அறையின் இயல்பதிர்வுகள் வெளிப்பட்டன. 1992இல் படமாளிகைகளில் டொல்பி டிஜிற்றல் முறையும் 1997இல் ஐக்கிய அமெரிக்கச் சந்தையில் டி.வி.டி.யும் வந்தபின், தாழொலிக்கெனவே தனியொரு தடமும், சப்வூபர் என வழங்கும் தனியொரு பெட்டியும் கூடத்தின் மூலைக்கு வந்துசேர்ந்தன. மூலையென்பது எல்லா இயல்பதிர்வுகளின் அமுக்கமும் உச்சம் பெறும் இடம். அங்கு வைத்தாற் சப்தம் மிகும், சீர்கேடும் மிகும். கடையிற் சில நிமிடம் கேட்டு வாங்குபவர்க்கு முன்னது மட்டுமே புலப்படும்.

6

திருத்தம் முதலில் மண்டபங்களிற் பயின்றது. ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போல் போனர் 1960களில் பேச்சொலி மண்டபங்களின் ஊளையை ஒடுக்கக் குறுகிய வடிகளைக் கையாண்டார். அப்பத்தாண்டின் பிற்பகுதியில் ஓல்ரெக் கம்பனி, ஸ்தாயியின் மூன்றிலொரு பங்காக ஒலிப்பரப்பைப் பகுத்துச் சமப்படுத்தும் முறையை வணிகமாக்கியது. எண்முறைக் கணிப்பு மலிந்தபின் இது வீட்டுக்கு வந்தது. தென்கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில், அரசின் தேசிய விஞ்ஞான நிதியம் ஆதரித்த ஆய்வு நிலையமொன்றில் நடைபெற்ற ஆய்வுகளிலிருந்து ஓடிசி என்னும் கம்பனி 2002இற் பிறந்தது. சுவீடனின் உப்சலாப் பல்கலைக்கழக ஆய்வாளர்களிடமிருந்து டிராக் 2001இற் பிறந்தது. பொதுநிதியில் விளைந்த அறிவு உரிமக் கட்டணத்துக்குரிய பண்டமாகும் வழமையான பாதை இது. இதற்கு மாறாக, ரூம் ஈகியூ விசார்ட் என்னும் அளவை மென்பொருள் இலவசமாகக் கிடைப்பது. ஒலியை 20 ஹேர்ட்ஸிலிருந்து மேனோக்கி வழுக்கிச் செல்லவிட்டு அறையின் விடையைப் பெறும் முறையை இத்தாலியரான அஞ்சலோ ஃபரீனா 2000இல் விரித்துரைத்தார். அம்முறை இன்று யாவர்க்கும் பொதுவாகிவிட்டது.

இத்திருத்தம் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதிலேயே விடயத்தின் சாரம் தங்கியுள்ளது. ஓர் இருக்கையில் 43 ஹேர்ட்ஸ் அளவுகடந்து முழங்குமாயின், அச்சுரத்தைச் சமிக்ஞையிற் குறைத்துவிடலாம். முழக்கம் தணிவதோடு, ஒலி நின்றபின்னும் இழுபடும் அதன் வாலும் குறுகும். இது மெய்யான திருத்தம். ஆனால் ஓரிடத்தில் ஒரு சுரம் அற்றுப்போயிருப்பின், அதனைக் கூட்டுவதாற் பயனில்லை. நேராக வந்த அலையும் மீண்டுவந்த அலையும் எதிர் அவத்தையில் ஒன்றையொன்று அழிப்பதாலேயே அங்கு வெறுமை உண்டாகின்றது. ஒலிபெருக்கியின் வலுவைக் கூட்டினால் நேர் அலை கூடும். அதே அளவுக்கு எதிர் அலையும் கூடும். 10 டெசிபெல் கூட்டப் பத்து மடங்கு வலு வேண்டும். அவ்வளவு வலுவும் கூம்பை வருத்துவதற்கும், அறையின் வேறிடத்தில் அமர்ந்திருப்போரின் செவியை நிறைப்பதற்குமே செலவாகும். அந்தப் பள்ளத்தை நிரப்பக் கூடியது இடமாற்றம் ஒன்றே: ஒலிபெருக்கியை நகர்த்தவேண்டும், அல்லது கேட்பவர் நகரவேண்டும். சப்வூபரைக் கேட்போனின் இருக்கையில் வைத்துவிட்டு, கேட்போன் அறையின் ஓரங்களில் தவழ்ந்து சென்று, தாழொலி எங்கு சீராகக் கேட்கின்றதோ அங்கு பின்னர் அப்பெட்டியை வைப்பது பயனுள்ளதொரு நடைமுறை. மூலமும் செவியும் இடம் மாறினும் அவற்றிடைச் செல்லும் ஒலி மாறாதென்னும் விதியே இதற்கு ஆதாரம். செலவற்ற இம்முறையைச் செய்துபார்க்கும் எவரும், அறைத் திருத்தப் பெட்டி விளம்பரங்களை அதன்பின் சற்று நிதானத்தோடு வாசிப்பர் என நம்புகின்றோம்.

7

ஓர் இருக்கைக்கு ஏற்பச் சமப்படுத்திய தாழொலி அடுத்த இருக்கையில் முன்னையிலும் கேடாகலாம். ஒருவர்க்கு மிகையாகக் கேட்ட சுரம் மற்றவர்க்குக் குறைவாகக் கேட்டிருக்கும்; அதனை மேலும் குறைத்தால் அவர்க்கு எதுவும் எஞ்சாது. இதனை மறைப்பதற்கு வணிக இலக்கியம் ஒரு கருத்துருவை வளர்த்தெடுத்துள்ளது. அதுவே அறையின் நடுக்கோட்டில், இரு ஒலிபெருக்கிகளுக்கும் சமதூரத்தில், தனியொரு நாற்காலியில் அமர்ந்திருக்கும் இரசிகனின் உருவம். அவனுக்கு மனைவி மக்கள் இல்லை, அயலவர் இல்லை, இருப்பினும் அவர்கள் இசை கேட்பதில்லை. தனிமனிதவாதம் தத்துவ நூல்களிற்போலவே தளபாட ஒழுங்கிலும் வெளிப்படுகின்றது.

பின்வந்த சில கருவிகள் ஆறு அல்லது எட்டு நிலைகளில் ஒலியை அளந்து, அவற்றுக்குப் பொதுவான ஒரு திருத்தத்தைக் கணிக்க முயன்றன. ஒருபடி முன்னேற்றமே எனினும், இருக்கைகளிடையே உள்ள வேறுபாடு அறையினுள் அப்படியே இருக்க, சராசரி மாத்திரமே சீரானது. சராசரி பற்றி நாம் அறிவோம்: ஒருவர் இரு வேளை உண்டு மற்றவர் பட்டினி கிடந்தாலும் சராசரியில் இருவரும் ஒருவேளை உண்டவராவர்.

இந்நிலையிலேதான் ஹார்மன் நிறுவனத்தின் ஆய்வாளராகிய ரொட் வெல்ரி 2002இல் முன்வைத்த ஆய்வு முக்கியத்துவம் பெறுகின்றது. எத்தனை சப்வூபர்கள் போதுமானவை என்பதே அவர் எடுத்துக்கொண்ட வினா. ஓர் இருக்கையில் ஒலி எவ்வளவு சீராக உள்ளது என்பதை அவர் முதன்மைப்படுத்தவில்லை; இருக்கைக்கு இருக்கை ஒலி எவ்வளவு வேறுபடுகின்றது என்பதையே அளவுகோலாகக் கொண்டார். நாற்சதுர அறையில் நான்கு சுவர்களின் நடுப்புள்ளிகளிலும் ஒவ்வொன்றாக நான்கு தாழொலிபெருக்கிகளை வைத்தால் அவ்வேறுபாடு மிகவும் குறையும் என்றும், எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைத்த இரண்டே குறிப்பிடத்தக்க பயனளிக்கும் என்றும், நான்குக்கு மேற் சென்றாற் பெரிய ஆதாயம் இல்லை என்றும் அவர் கண்டார். காரணம் எளிது. அறை நீளத்தின் முதல் இயல்பதிர்வில் ஒரு முனையில் அமுக்கம் கூடும்போது மறுமுனையிற் குறைகின்றது. இரு முனைகளிலும் ஒலிபெருக்கிகள் ஒரே வேளையில் ஒரே திசையில் தள்ளினால் அவ்வதிர்வு எழவே இடமில்லை. இங்கு அறையின் முரண்பாடு சமிக்ஞையை வளைப்பதால் மறைக்கப்படவில்லை. அது தோன்றுதற்கான நிலைமைகளே அகற்றப்படுகின்றன. இருக்கைகள் யாவும் ஏறத்தாழ ஒரே ஒலியைப் பெற்றபின் எஞ்சியிருக்கும் பொதுவான மேடுகளை ஒரேயொரு திருத்தத்தால் எல்லோர்க்கும் சீர்செய்யலாம். வெல்ரியும் டெவன்ரியரும் 2006இல் இதனை மேலும் வளர்த்து, ஒவ்வொரு தாழொலிபெருக்கியின் அளவையும் தாமதத்தையும் தனித்தனியே கணிக்கும் முறையை வெளியிட்டனர்.

இவ்வாய்வு முற்போக்கு நோக்கினால் உந்தப்பட்டது என்று நாம் கூறவரவில்லை. நான்கு பெட்டி விற்பது ஒரு பெட்டி விற்பதிலும் இலாபகரமானது என்பதை எந்தக் கம்பனியும் அறியும். ஆயினும் வினா மாற்றப்பட்டது. மாற்றப்பட்டபோது நாற்பதாண்டுச் சமப்படுத்தல் முயற்சிகளால் எட்டப்படாத விடை கிட்டியது. ஒருவனின் இருக்கையிலிருந்து பலரின் இருக்கைகளுக்கு அளவுகோல் பெயர்ந்தமை விஞ்ஞானத்துக்கும் பயனளித்தது.

8

அளந்த வரைபு நேர்கோடாக அமைந்துவிட்டால் ஒலி நன்றாகிவிடும் என்னும் நம்பிக்கை பற்றியும் ஒரு சொல். பெல் ஆய்வுகூடத்தின் ஃபிளெச்சரும் மன்சனும் 1933இற் காட்டியபடி, மெல்லிய ஒலியிற் செவி தாழ்சுரங்களை மிகக் குறைவாகவே உணர்கின்றது. ஒலியளவு கூடும்போதே அவை ஏனைய சுரங்களோடு ஒப்ப வருகின்றன. ஒலிப்பதிவு கூடத்தில் உரத்த ஒலியிற் கலந்த இசையை வீட்டில் மெல்லெனக் கேட்பவர்க்கு நேர்கோடு வறுமையாகவே ஒலிக்கும். கருவியை மறைத்து நடத்தப்பட்ட கேட்டற் சோதனைகளிலும், கேட்போர் தாழொலி சற்று உயர்ந்து மேனோக்கி மெல்லச் சரியும் வரைபையே விரும்பினர். அச்சோதனைகளின் அடிப்படையிற் ஷோன் ஒலிவ் 2004இல் அமைத்த மாதிரியில், ஒலித்தரம் பற்றிய தீர்ப்பில் ஏறத்தாழ 30 வீதம் தாழொலியைச் சார்ந்தது. தம் செவியே இறுதி நீதிபதி, அளவை பயனற்றது என்போரும், வரைபைப் பார்த்தே ஒலியை மதிப்பிடுவோரும் ஒரே தவற்றின் இரு முகங்கள். எமது திறனாய்வுத் துறையில் இரசனைவாதிகளையும் சூத்திரவாதிகளையும் எதிர்கொண்டவர்க்கு இவ்விரு சாராரும் புதியவர்களல்லர்.

இவ்வளவும் அறையின் உட்புறம் பற்றியவை. நகரங்களிற் பெருந்தொகையானோர் தொடர்மாடிகளில் ஒற்றைச் சுவரைப் பங்கிட்டு வாழ்கின்றனர். சுவரின் திணிவு ஒலியைத் தடுப்பது மீடிறனைப் பொறுத்தது. மீடிறன் பாதியாகும் ஒவ்வொரு முறையும் அத்தடுப்பு பொதுவிதியாக 6 டெசிபெல் குறைகின்றது. அயல் வீட்டு உரையாடலை நிறுத்தும் சுவர் அவ்வீட்டுத் தாழொலியை நிறுத்துவதில்லை. கலையகத்தின் மேற்கோள் அளவுக்குத் திருத்தி, தாழொலியைச் சில டெசிபெல் உயர்த்தி இரவிற் படம் பார்ப்பவரின் அறையில், ஒலிவாங்கி எட்டு நிலைகளில் வைத்து அளக்கப்பட்டிருக்கும். எட்டும் அவரது சோபாவைச் சுற்றியே அமைந்திருக்கும். சுவருக்கு அப்பால் உறங்க முயல்பவரின் கட்டிலில் 34 ஹேர்ட்ஸ் எந்த அளவில் உள்ளது என்பதைக் கேட்பதற்கு அக்கருவியின் திரையில் ஒரு கட்டமேனும் ஒதுக்கப்படவில்லை.